புளியமரத்தடியில் மேய்ந்தது யார்?

புளியமரத்தடியில் புல்கூட முளைக்காது என்பது ஊரறிந்த பேச்சு. பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒரு காலத்தில் இருபுறமும் புளியமரங்கள் நின்றன. சாலைகளை அகலப்படுத்தியபோது பல மரங்கள் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றின் அடியைப் பார்த்தால் அந்தப் பேச்சு உண்மை என்றே தோன்றும். பத்தடி தள்ளிப் புல் பச்சையாக நிற்கும், மரத்தடியில் மட்டும் வெறும் மண் தெரியும்.

இதே பேச்சை ஊர் வீட்டுக்குள்ளும் கொண்டுவரும். கல்யாணமாகி வந்த பெண் படிப்பை நடுவில் விட்டிருப்பாள், அல்லது கிடைத்த வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாள். காரணம் கேட்டால், "அந்த மாமியார்கிட்ட மாட்டுனா எந்தப் பொண்ணு தலையெடுக்கும்? பொண்ணுக்குப் பொண்ணுதானுங்களே எதிரி" என்று பதில் வரும். சொல்பவர் பெரும்பாலும் ஆண். பல நேரம் பெண்களும் சொல்கிறோம். மரம் நிற்கிறது, அடியில் மண் வெறுமையாக இருக்கிறது, ஆகவே மரம்தான் காரணம். அந்த 'ஆகவே' சரிதானா என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு விடை தேட, செடிகளைப் பற்றி அறிவியல் என்ன கண்டது, எங்கே தடுமாறியது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்களைப் பற்றிய பல முடிவுகளுக்கு ஊர் இயற்கையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடக்கூடாது.

*

ஒரு செடி தன் உடலில் உண்டாகும் வேதிப்பொருளால் பக்கத்துச் செடி முளைப்பதையும் வளர்வதையும் தடுக்க முடியும். இது கற்பனை இல்லை. அக்ரூட் மரத்தின் நிழல் மற்ற செடிகளுக்கு ஆகாது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். 1937-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் இதற்கு 'அல்லெலோபதி' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதற்கு 'ஒருவரால் ஒருவர் படும் துன்பம்' என்று பொருள் சொல்லலாம். பழுக்கும் ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்திலுள்ள செடிகளை என்ன செய்கிறது என்பதைத்தான் மோலிஷ் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கணக்கில் அந்தச் சொல்லுக்குள் தீமையோடு நன்மையும் அடக்கம். பிற்பாடுதான் தடுப்பது என்ற பொருள் மட்டும் அதில் தங்கிவிட்டது.

கொங்குப் பகுதியின் மானாவாரிக் காடுகளில் விதைக்கும் சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர்த்தூவிகளின் நுனியில் எண்ணெய் போன்ற மஞ்சள் துளிகள் கசியும். அதிலுள்ள முக்கியப் பொருள் சோர்கோலியோன். பக்கத்தில் முளைக்கும் சிறு களைகளின் ஒளிச்சேர்க்கையை அது முடக்கிவிடுகிறது. அக்ரூட்டில் இருப்பது ஜக்லோன். மரத்துக்குள் இருக்கும்வரை அது வேறொரு வடிவில், தீங்கில்லாமல் இருக்கிறது. வெளியே வந்து காற்றுப் படும்போதுதான் நஞ்சாக மாறுகிறது.

பார்த்தீனியத்தை நம்மூரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரப்பு, தரிசு, காலி மனை, ரயில்பாதையோரம் என்று எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும். 1950-களில் அமெரிக்கக் கோதுமையோடு இந்தியாவுக்குள் வந்தது என்று சொல்லப்படும் செடி இது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதன் இலையிலும் பூவிலும் இருக்கும் பார்த்தெனின் என்ற பொருள் பக்கத்து விதைகளின் முளைப்பைக் குறைக்கிறது. செறிவு கூடினால் பார்த்தீனியத்தின் சொந்த நாற்றுகளையே அது பாதிக்கிறது. களையெடுக்கும் கைகளில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்குவதும் இதே பார்த்தெனின்தான். களையெடுப்பு பெண்ணின் வேலை என்று நம் வயல்களில் எப்போதோ முடிவாகிவிட்டது. களைக்கொத்தோடு குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி, கூடவே இந்த அரிப்பு. நாற்றைத் தடுக்கும் நஞ்சும் கூலிக்காரப் பெண்ணின் தோலைப் பிடிக்கும் நஞ்சும் ஒன்றுதான் என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரே பக்கத்தில் சொல்வதில்லை.

இந்தச் செடிக்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ். கிரேக்கத்தில் பார்த்தெனோஸ் என்றால் கன்னி, ஹிஸ்டெரா என்றால் கருப்பை. பெண்ணின் மனநோய்க்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்ததும் அதே வேர்ச்சொல்லிலிருந்துதான். கட்டுக்கடங்காமல் விதை போடும் ஒரு செடியின் பெயரில் பெண்ணின் உடல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயற்கையை நாம் பெண்ணின் மீது ஏற்றிப் பேசுவதற்கு முன்பே, பெண்ணைப் பற்றிய பேச்சு இயற்கையின் மீது ஏறி உட்கார்ந்துவிட்டது.

இந்த ஆய்வுகளிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துவைத்துக்கொள்வோம். இத்தகைய நஞ்சு பெரும்பாலும் இளசைத்தான் தாக்கும். முளைக்கும் விதையின் வேரைக் குறுக்கிவிடும் அதே அளவு, வேரூன்றிய செடியை அவ்வளவாக அசைக்காது. கல்யாணமான முதல் இரண்டு வருடத்தில் ஒரு பெண்ணை முடக்கும் சொல், அதே பெண்ணை நாற்பது வயதில் முடக்காமல் போவதை நாமும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, முளைக்காத விதை தனக்கு என்ன நடந்தது என்று சொல்லாது. மேலே வராததால் 'விதை சொத்தை' என்று முடிவாகிவிடும். படிப்பை விட்ட பெண்ணைப் பற்றி, "அவளுக்கே பெருசா ஆர்வமில்லீங்க" என்று வீட்டில் சொல்லும்போது நடப்பதும் அதுவே.

*

நஞ்சு இருப்பது உண்மை என்றால் புளியமரத்தின் மீதுள்ள குற்றமும் உறுதியாகிவிடுமா? அங்கேதான் சிக்கல். புளிய இலைச் சாற்றை ஆய்வகத் தட்டில் விட்டால் முளைக்கும் விதைகளின் வேர் குறுகுகிறது. ஆனால் மரத்தடி மண் ஆய்வகத் தட்டு இல்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நஞ்சைச் சிதைக்கும், களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும், மழை கரைத்துக்கொண்டு போகும். நஞ்சைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. நிழல் அடர்த்தி, வேர்கள் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிடும். நிழலுக்கு ஒதுங்கும் மாடும் வண்டியும் மண்ணை இறுக்கிவிடும். புளி உலுக்கும் பருவத்தில், உதிரும் பழத்தைப் பொறுக்க வசதியாக அடியைக் கூட்டிப் பெருக்கி வைப்பார்கள். இத்தனை காரணங்கள் இருக்க, மரத்தின் விஷத்தை மட்டும் சொல்வது சுலபம். மரம் கண்ணுக்குத் தெரிகிறது. மற்றவை வந்துபோய்விட்டன.

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழிகளைத் தேடினார்கள். அதில் ஒன்று, நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் கரியை மண்ணில் கலப்பது. நம் பக்கத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுச் செய்கிறார்களே, அந்த வகைக் கரிதான். கரி கலந்த பிறகு நாற்று வளர்ந்தால் நஞ்சின் மேல் சந்தேகம் கூடும். வளராவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இந்தத் துறையில் பெரிய திருப்பம் கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த, வாசனையுள்ள ஒரு புதர்ச்செடி உண்டு. சால்வியா லூக்கோஃபில்லா என்று பெயர். புல்வெளிக்கு நடுவில் அது கூட்டமாக நிற்கும். அதைச் சுற்றி ஓரிரு மீட்டர் அகலத்துக்குப் புல்லே இல்லாத வளையம் இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில்கூட அந்த வளையம் தெளிவாகத் தெரியும். 1964-இல் கார்னீலியஸ் முல்லரும் அவருடைய குழுவினரும் இதற்கு விளக்கம் தந்தார்கள். இலையிலிருந்து ஆவியாகும் பொருள்கள் மண்ணில் படிந்து புல் நாற்றுகளைக் கொல்கின்றன என்றார்கள். ஆய்வகத்தில் அந்த ஆவி நாற்றுகளைத் தடுக்கவும் செய்தது. வளையத்தின் படம் பாடநூல்களில் ஏறியது. செடிகளுக்கிடையிலான வேதிப்போருக்கு அதுவே பெரிய சான்றானது.

1970-இல் புரூஸ் பார்த்தலோமியூ அந்த வெறும் மண்ணில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்தார். கூண்டு இருந்தும் புதரின் வாசனை அப்படியே மண்ணை எட்டியது. எலியும் முயலும் பறவையும் மட்டும் உள்ளே வர முடியவில்லை. கூண்டுக்குள் புல் முளைத்தது. புல்லின் விதையையும் நாற்றையும் பிராணிகள் மேய்ந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. அவை புதரைச் சுற்றி மட்டும் மேய்ந்ததற்கும் காரணம் இருந்தது. திறந்த வெளியில் தலைக்கு மேலே பருந்து சுற்றும். எலி புதருக்குள் பதுங்கிக்கொண்டு, ஆபத்து வந்தால் ஓடித் திரும்பக்கூடிய தூரம்வரைதான் வெளியே வரும். அந்தத் தூரம்தான் வளையத்தின் அகலம்.

புதரின் ஆவி நாற்றைத் தடுக்கும் என்ற முல்லரின் கண்டுபிடிப்பு இதனால் பொய்யாகிவிடவில்லை. வளையத்தில் நஞ்சுக்கு எவ்வளவு பங்கு, மேய்ச்சலுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் அதன்பிறகும் தொடர்ந்தது. ஆனால் மேய்ந்தது யார் என்று கேட்காமல் புதர்மேல் மட்டும் பழியைப் போட இனி முடியாது.

*

இப்போது வீட்டுக்கு வருவோம். மாமியாரைச் சுற்றி ஒரு வெறும் வளையம் இருக்கிறது. மருமகளின் நேரமும் உழைப்பும் சம்பளமும் ஆசையும் அதற்குள் முளைப்பதில்லை. அவற்றை மேய்ந்தது யார்?

நிலத்தில் தொடங்கலாம். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதன்படி குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு, அதற்கு முன்பே கல்யாணமான மகள்களைத் தவிர. 2005-இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. ஆனால் தென்னந்தோப்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். அக்காவும் தங்கையும் வரிசையாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அதில் பெண் தன் பங்கை விடுகிறாள், சொத்துக்குத்தான் விடுதலை. கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசலும் சீரும் நின்றுபோகும் என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்தான் முப்பது வருடம் கழித்து மாமியார் ஆகிறாள். புகுந்த வீட்டுத் தோப்பும் அவள் பெயரில் இருக்காது. அவள் அதிகாரம் செல்லும் இடம் சமையலறையும் மருமகளும்தான். மருமகள் வேலைக்குப் போனால் அந்தச் சமையலறை யார் தலையில் விழும் என்பதும் அவளுக்குத் தெரியும். மகன் தலையில் விழாது. ஆக, இரண்டு பெண்களுக்கு நடுவில் நடப்பது போலத் தெரியும் சண்டையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். தட்டில் சோறு விழும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பவர் அவர். எலியைப் போல அவரும் படத்தில் தெரிவதில்லை.

கம்பிவலைச் சோதனையைச் சில வீடுகளில் வாழ்க்கையே செய்து காட்டுகிறது. ஒரே மாமியாருக்கு இரண்டு மருமகள்கள். ஒருத்தி அரசுப் பள்ளி ஆசிரியை, சம்பளம் அவள் கணக்கில் விழுகிறது. மற்றவள் வீட்டில் இருக்கிறாள். மாமியாரின் நாக்கு ஒன்றுதான், குணமும் ஒன்றுதான். ஆனால் இரண்டு பேரைச் சுற்றியுள்ள வளையத்தின் அகலம் ஒன்றாக இருப்பதில்லை. விஷம் மட்டுமே காரணம் என்றால் அது இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் தாக்க வேண்டும். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்ற பழமொழியை எல்லோரும் சொல்கிறோம். சட்டியை வாங்கிய காசு யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

*

இதோடு நிறுத்தினால் மூத்த பெண்கள் முழுக்க நிரபராதிகள் ஆகிவிடுவார்கள். கலிபோர்னியப் புதர் அப்படிச் சொல்லவில்லை. அது புல்லைத் தின்னவில்லை, ஆனால் தின்றவற்றுக்கு மறைவிடம் கொடுத்தது. நஞ்சு கொடுப்பதற்கும் மறைவு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொள்ளாச்சிப் பெண்கள் கடுமையான விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

2019 பிப்ரவரியில் வெளியே வந்த பாலியல் வன்கொடுமை வழக்கை இந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் நாடு நினைவில் வைத்திருக்கிறது. இளம்பெண்களிடம் பழகி, வன்கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தை வைத்தே மீண்டும் மீண்டும் மிரட்டினார்கள். அந்த மிரட்டலின் பலம் 'வீட்டுக்குத் தெரிந்தால்' என்ற பயத்தில் இருந்தது. குற்றம் செய்தவர்கள் ஆண்கள், முழுப் பொறுப்பும் அவர்களுடையதுதான். ஆனால் அவர்கள் பதுங்கிய இடம் குடும்ப மானம். அந்த மானத்துக்குக் காவல் நிற்கும் வேலை தலைமுறை தலைமுறையாக அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களின் தாய்மார்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. எந்த வீட்டிலும் "என்ன நடந்தாலும் எங்கிட்டச் சொல்லு கண்ணு, உம்மேல தப்பில்ல" என்ற வார்த்தை முன்கூட்டியே சொல்லப்படாமல் இருந்தால், அந்த வீட்டைச் சுற்றி ஒரு மறைவிடம் உருவாகிவிடுகிறது என்பதற்காக எழுதுகிறேன்.

செய்தி வெளியான பிறகு பல வீடுகளில் நடந்ததை அப்போது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெண்களின் கையிலிருந்து செல்போன் போனது. தோழி வீடு போனது. சிலருக்குப் படிப்பே போனது. எல்லாம் பாதுகாப்பின் பெயரால். பார்த்தலோமியூவின் கூண்டை இங்கே இன்னொரு முறை யோசிக்க வேண்டும். அது மேய்வது யார் என்று கண்டுபிடிக்க வைத்த கூண்டு. மேய்வது எலி என்று தெரிந்த பிறகு, புல்வெளி முழுவதையும் கூண்டுக்குள் அடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நம் ஊரிலோ மேய்ந்தது யார் என்று தெரிந்த பிறகும் நாற்றுகளைத்தான் அடைத்தார்கள்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். அவர்கள் பேசத் துணிந்ததும் மறைவிடம் கலைந்தது. கலைத்தது கூண்டு இல்லை, அவர்களுடைய பேச்சு.

*

மூத்த பெண்ணின் பொறுப்பு என்ன என்ற கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. சோளத்துக்குத் தன் வேர் என்ன கசிகிறது என்று தெரியாது. அதனால் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. மனுஷிக்குத் தெரியும். 'இயற்கையே அப்படித்தான், பெரிய மரத்தடியில் சின்னது வளராது' என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவ அவளுக்கு வழியில்லை. அந்த வழியை ஊர் திறந்துவைப்பதே, மேய்பவர்களின் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

நஞ்சும் மெய்யாகவே உண்டு. அக்ரூட்டின் ஜக்லோன் உள்ளே இருக்கும்வரை தீங்கற்றது, வெளியே வந்ததும் நஞ்சு. மூத்த பெண்ணுக்குள் இருக்கும் அனுபவமும் ஏறக்குறைய அப்படித்தான். "பதினேழு வயசுல வந்தேன், காலைல நாலு மணிக்கு எந்திரிப்பேன், யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்று அவள் தன் வலியாகச் சொன்னால் மருமகளுக்கு அது வரலாறு, எச்சரிக்கை, சில சமயம் துணையும்கூட. அதே வாக்கியத்தின் பின்னால் "நீயும் அப்படித்தான் இருக்கோணும்" என்று சேர்த்தால் அது நஞ்சாகிவிடும். அந்த வாலைச் சேர்க்காமல் விடுவது அவளால் முடிந்த காரியம். சொத்தும் சம்பளமும் கையில் இல்லாதவளாலும் முடியும். பார்த்தீனியம் தன் நாற்றுகளையே தடுப்பதுபோல, அவள் சேர்க்கும் வால் அவள் பெற்ற மகளையும் ஒருநாள் இன்னொரு வீட்டில் போய்ப் பிடிக்கும்.

ஆனால் அவளை மட்டும் திருத்தினால் வளையம் மறைந்துவிடும் என்று நம்பினால், பாதிச் சோதனையோடு நிறுத்தியவர்கள் ஆகிவிடுவோம். ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் தென்னைக்கு அடியில் ஜாதிக்காயும் கோகோவும் காய்க்கின்றன. தென்னையும் உயர்ந்த மரம்தான், அதன் வேரும் மண்ணில் பரவத்தான் செய்கிறது. இருபத்தைந்து அடிக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு நட்டிருப்பதால் கீழே வெயில் விழுகிறது, தண்ணீரும் பங்காகிறது. அந்த இடைவெளியைத் தென்னை முடிவு செய்யவில்லை. நிலம் யாருடையதோ அவர் முடிவு செய்தார்.

அதனால் 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்று அடுத்த முறை யாராவது சொன்னால், எதிர்த்து வாதாடுவதற்கு முன் அவரிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்? இரண்டு பெண்களும் சண்டை போட்ட அன்று மூன்று வேளையும் சாப்பிட்டது யார்? அந்தப் பெண் தனக்கு நடந்ததைச் சொல்ல நினைத்தபோது, வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? விடை கிடைத்த பிறகும் மாமியாருக்கு ஒரு பங்கு மிஞ்சும். அந்தப் பங்கை அவளே சுமக்கட்டும். மற்றவர்களின் பங்கையும் சேர்த்து அவள் தலையில் ஏற்ற வேண்டாம்.